கண்காணிக்குப் படியளந்த கதை

நமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைந்தனுப்புமாறு பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, தமிழாசிரியனாகிய என்னிடம் அவர்கள் எதிர்பார்த்தது இலக்கியக் கட்டுரையாகவே இருந்திருக்கும். யானும் அவ்வாறே ஒன்றைத் தொடங்கினேன். ஆயினும் எழுதுகோலை எடுத்தபோதெல்லாம் என் மனம் ஓர் இரும்புப் பெட்டியையே சுற்றிச் சுற்றி வந்தது. அப்பெட்டி ஒரு கணினி. அதுவும் ஒருவர் பாவித்துக் கழித்தது. பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழுக்கு மேல் வேறு தகைமை எனக்கில்லை. கணினித் துறையிற் கற்றறிந்த நம் பழைய மாணவர் பலர் இம்மலரைப் படிப்பர் என்பதறிவேன். பிழை காணின் அவர்கள் பொறுத்தருள்க.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி கடல் ஊருக்குள் வந்தபோது எனக்கு வயது இருபத்து நான்கு. இலங்கையில் அன்று மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது முதலிய கரையோர ஊர்களின் துயரத்தை ஈண்டு விரிக்க எனக்கு வலிமையில்லை. ஒன்றை மட்டுஞ் சொல்வேன். அந்தக் கிழமையின் முடிவில் நாங்கள் சில இளைஞர், பாடசாலையொன்றின் அலுவலகச் சேற்றிலிருந்து மாணவர் சேர்வு இடாப்புக்களைத் தோண்டி எடுத்தோம். உப்பு நீரில் ஊறிப் பருத்துப்போன அவ்வேடுகளைப் பாய்களில் விரித்து, ஒவ்வொரு தாளுக்கும் இடையே செய்தித்தாளை வைத்து வெயிலில் உலர்த்தினோம். சில ஏடுகள் பிழைத்தன. பல, கையில் எடுக்கும்போதே கூழாய்ப் போயின. ஓர் ஊரின் பெயர்கள் என் விரலிடுக்கில் வழிந்ததை நான் கண்டேன். பின்னாளில் நான் செய்த பிழைக்கு அந்தக் காட்சியே காரணம் என்று இப்போது எண்ணுகின்றேன்.

பிழைத்த ஏடுகளை நிழற்படமெடுத்து, எழுத்துக்களையும் தட்டச்சுச் செய்து, ஒரு தரவுத்தளத்தில் ஏற்றும் பணியைச் சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் பகுதி ஆசிரியர் குழுவொன்று மேற்கொண்டது. ஏழு பாடசாலைகளின் இடாப்புக்கள் அதிற் சேர்ந்தன. விடுகைப் பத்திரம் வேண்டுவோரும், பிறப்புச் சான்றில்லாமையால் வயதை நிறுவ வேண்டிய முதியோரும் வந்து கேட்பர்; நாங்கள் தேடிக் கொடுப்போம். சாதாரண நாட்களிற் காரியம் இனிதே நடந்தது. ஆனால் பரீட்சைப் பெறுபேறு வெளியான வாரங்களில் ஏழு பாடசாலை அலுவலகங்களும் ஒருங்கே கேள்வி கேட்க, தரவுத்தளம் ஆமைபோல் நகர்ந்தது. ஒரு பெயரைத் தேடிவிட்டு, தேநீர் குடித்து வந்தாலும் விடை வந்திராது. பெரிய வழங்கியொன்று வாங்கவேண்டுமென்று குழுவினர் கூறினர். எவ்வளவு பெரியது என்று கேட்டால், எவரிடமும் கணக்கில்லை.

அதற்கெனவே தரவுத்தளத்தின் செயற்பாட்டைக் கண்காணிக்கும் மென்பொருள்கள் உண்டு என்று அறிந்தோம். எத்தனை பேர் தொடர்பு கொண்டுள்ளனர், ஒவ்வொரு கேள்விக்கும் எத்துணை நேரம் செல்கின்றது, விடை நினைவகத்திலிருந்து கிடைத்ததா அன்றி வட்டிலிருந்து வாசிக்கப்பட்டதா, ஒரு வேலை மற்றொன்றுக்காகக் காத்து நிற்கின்றதா, வட்டில் எஞ்சிய இடம் எவ்வளவு என்பவற்றையெல்லாம் அவை இடைவிடாது அளந்து குறித்து வைக்கும். மருத்துவமனையில் நோயாளியின் கட்டிலருகே காய்ச்சற் கணக்கு எழுதித் தொங்கவிடுவதில்லையா? அது போன்றதே இது. பொருள் கொடுத்து வாங்குவனவும் உள. இலவசமாய்க் கிடைப்பனவும் உள. நாங்கள் இலவசமானதைத் தெரிந்தோம்.

அதை நிறுவும் பொறுப்பு என் தலையில் வந்தது. நான் செய்தவை மூன்று. தரவுத்தளம் இருந்த அதே கணினியிலேயே கண்காணிப்பு மென்பொருளையும் குடியேற்றினேன். ஒவ்வொரு விநாடியும் அளக்கும்படி பணித்தேன். தாமதமான கேள்விகளை மாத்திரமன்றி, வருகின்ற எல்லாக் கேள்விகளையும் எழுத்துக்கெழுத்துப் பதிவு செய்யும்படியும், எதையும் என்றும் அழிக்கலாகாதென்றும் கட்டளையிட்டேன். கடல் கொண்டுபோன பெயர்களைக் கண்டவன் நான். இனி ஒன்றும் தொலையக்கூடாது என்னும் ஒரே எண்ணமே என்னிடம் இருந்தது.

2023ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, தரவுத்தளம் நின்றுவிட்டது. வட்டில் ஓர் எழுத்தளவு இடமுமில்லை. நான் சேர்த்து வைத்த கண்காணிப்புக் குறிப்புக்களே வட்டு முழுவதையும் விழுங்கியிருந்தன. போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளம் எந்த மாற்றத்தையும் முதலிற் தன் நாட்குறிப்பில் எழுதிய பின்னரே ஏற்கும். அந்நாட்குறிப்பை எழுத இடமில்லையெனில், பிழையான விடை தருவதினும் நின்றுவிடுவதே மேலென்று நின்றுவிடும். நல்ல குணந்தான். ஆனால் அன்று காலை வாசலிலே ஒரு முதியவர் நின்றார். கடற்றொழிலாளி. அவருடைய பிறப்புச் சான்றும் வீடும் 2004இல் ஒருங்கே போயின. தாம் மூன்றாம் வகுப்புவரை படித்த பாடசாலையின் இடாப்பே அவருக்கு எஞ்சிய சாட்சி. “பிறகு வாங்கோ ஐயா” என்று சொல்லி அனுப்பினேன். அவர் ஒன்றும் பேசாமல், கொண்டு வந்த பொலித்தீன் உறையை மீண்டும் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

மருதமுனையைச் சேர்ந்த என் பழைய மாணவர் ஒருவர் கட்டார் நாட்டிற் தரவுத்தள நிருவாகியாகப் பணிபுரிகின்றார். அன்றிரவே தொலைபேசியில் அவரை அழைத்தேன். நடந்ததைக் கேட்டுச் சிறிது நேரம் மௌனமாயிருந்தார். பின்னர், “சேர், நெல்லை விடக் காவல்காரன்ட சோறு கூடிப்போச்சு” என்றார். போடியார் ஒருவரின் பேரர் அவர். உவமை வயலிலிருந்துதானே வரும்!

அவர் வழிகாட்ட, தேவையற்ற குறிப்புக்களை அகற்றியதும் தரவுத்தளம் எழுந்து நின்றது. ஒரு பெயரும் தொலையவில்லை. அதன்பின் அவர் மூன்று கேள்விகளை என்னிடம் கேட்டார்: எத்தனை தளங்களைக் காவல் பார்ப்பது? எத்தனை விநாடிக்கு ஒருமுறை அளப்பது? எத்தனை நாள் வைத்திருப்பது? இவற்றுக்கு விடை சொல்லாமல் எந்த வழங்கியையும் விலை கேட்கக்கூடாது என்பது அவர் கட்டளை. ஆசிரியன் மாணவனானேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

முதலில், இடைவெளிக் கணக்கைப் பார்ப்போம். புரொமீதியஸ் என்றொரு கண்காணிப்பு மென்பொருள் உண்டு; 2012இல் சவுண்ட்கிளவுட் என்னும் நிறுவனத்திற் தொடங்கப்பட்டது. அதன் கைந்நூல், ஓர் அளவீட்டைச் சேமிக்க ஒன்று முதல் இரண்டு பைட்டு இடம் போதும் என்கிறது. ஆயிரம் அளவீடுகளைப் பதினைந்து விநாடிக்கு ஒருமுறை எடுத்தால் ஒரு நாளைக்கு 57 இலட்சத்து 60 ஆயிரம் குறிப்புக்கள். இரண்டு பைட்டு வீதம் ஏறத்தாழ 11.5 மெகாபைட்டு. ஆண்டொன்றுக்கு நான்கு ஜிகாபைட்டுக்குச் சற்று மேல். அதையே நான் செய்ததுபோல் விநாடிக்கொருமுறை எடுத்தால் பதினைந்து மடங்கு; ஆண்டுக்கு 63 ஜிகாபைட்டு. சேனாநாயக்க சமுத்திரத்தின் நீர்மட்டத்தைக் கோடையில் நாளுக்கொருமுறை பார்த்தாற் போதும். வெள்ளக் காலத்திலன்றோ மணிக்கொருமுறை பார்க்கவேண்டும்? விநாடிதோறும் அளவுகோலருகே ஒருவரை நிறுத்துபவர் இலர்.

எனினும் அளவீடுகள் சிறு தீனிதான். பெருந்தீனி கேள்விகளின் பதிவு. பேர்கோனா என்னும் நிறுவனத்தின் கண்காணிப்பு மென்பொருள் அளவீடுகளோடு கேள்விகளின் ஆய்வையும் சேர்த்து வைப்பது. அதன் கைந்நூல், காவல் பார்க்கப்படும் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு வாரத்துக்கு ஏறத்தாழ ஒரு ஜிகாபைட்டு வட்டிடமும், குறைந்தது இரண்டு ஜிகாபைட்டு நினைவகமும் வேண்டும் என்று அந்நாளிற் கூறிற்று. ஆனால் தளங்கள் பெருகப் பெருக நினைவகம் அதே வீதத்திற் பெருகாது. இருபது தளங்களுக்குப் பதினாறு ஜிகாபைட்டு போதும் என்றும் அது கூறிற்று.

இதைப் படித்தபோது தமிழாசிரியன் உள்ளே விழித்துக்கொண்டான். மலைநாட்டுத் தோட்டங்களில் வழங்கும் ‘கங்காணி’ என்னுஞ் சொல் நம் ‘கண்காணி’யின் திரிபேயாம்; ஆங்கிலேயரும் அதனைத் தம் மொழியில் எடுத்துக்கொண்டனர். அக்கங்காணிக்குத் தன்கீழ் வேலைக்கு வந்த ஆட்களின் தொகைப்படி ‘தலைக்காசு’ கொடுக்கும் வழக்கமிருந்தது. நமது புதிய கண்காணியும் தலைக்காசுக்காரனே. இப்படிச் சொன்னதும் எங்கள் குழுவின் மூத்த ஆசிரியர் ஒருவருக்குக் காரியம் முழுவதும் விளங்கிவிட்டது. அதற்குமுன் நான் இரண்டு மணி நேரம் விளக்கியிருந்தேன்!

எங்களுக்குத் தளங்கள் மூன்று: மூலத் தளம், அதன் பிரதி, நூலகப் பட்டியல். நினைவகம் ஆறு ஜிகாபைட்டு. கணினியின் சொந்தப் பாட்டுக்கும் சேர்த்து எட்டு. எத்தனை நாள் வைப்பது என்பதிற்றான் வாதம் எழுந்தது. முப்பது நாட்கள் போதுமென்றார் பலர்; மென்பொருள் தானாக வகுத்துக்கொள்வதும் அதுவே. ஆனால் எங்கள் நெருக்கடி மாதந்தோறும் வருவதன்று. இக்கரையோரத்தில் ஆண்டின் மழையிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரையிற் கொட்டித் தீர்த்துவிடுகின்றது; ஆண்டுச் சராசரியைப் பார்த்து மதகு கட்டினால் கார்த்திகையில் வீதி எங்கே, வாய்க்கால் எங்கே என்று தேடவேண்டியதுதான். பெறுபேற்று வாரமும் அத்தகையது. சென்ற ஆண்டின் நெருக்கடியை இவ்வாண்டு நெருக்கடியோடு ஒப்பிட, ஓராண்டுக் குறிப்பு வேண்டும். மூன்று தளம், 52 வாரம்: 156 ஜிகாபைட்டு. ஆகவே 256 ஜிகாபைட்டு வட்டு. ஓராண்டுக்கு முற்பட்டவை தாமாகவே அழிய வேண்டும்.

அழித்தல் என்னும் அச்சொல்லுக்கு நான் உடன்பட மூன்று கூட்டங்கள் சென்றன. இடாப்பு வேறு, இடாப்பைப் பற்றிய குறிப்பு வேறு என்பதை என் அறிவு முதல் நாளே ஏற்றது. மனந்தான் ஏற்க மறுத்தது.

மற்றையவை விரைவில் முடிந்தன. கண்காணிப்புக் கணினி, தரவுத்தளம் இருக்குங் கட்டடத்தில் இருக்கலாகாதென்று தீர்மானித்து, கடலுக்குத் தொலைவிலுள்ள வேறொரு பாடசாலையின் மாடியறையில் வைத்தோம். மின்தடைக்கெனத் தனி மின்கலமும் கொடுத்தோம். 2022 மார்ச்சு முடிவில் நாளுக்கு 13 மணி நேரம் இருளில் இருந்தவர்களுக்கு இதை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. காவல் வேறிடத்தில் இருக்கவேண்டியது போலவே காப்புப் பிரதியும் வேறிடத்தில் இருக்கவேண்டும். 2023 ஆகஸ்டில் நம் நாட்டின் அரச மின்னஞ்சல் வழங்கிகள் தாக்குண்டு, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையுள்ள மடல்கள் மீளாது போன செய்தி வந்தபோது, எங்கள் பிரதியைச் சோதிக்க அன்றே ஓடினேன்.

எச்சரிக்கை ஒலிக்கின்றதா என்பதையும் சோதித்தேயாகவேண்டும். கிட்லாப் என்னும் உலகப் பெயர்பெற்ற நிறுவனத்திற் 2017 ஜனவரி 31ஆந் திகதி பணியாளர் ஒருவர் தவறுதலாக மூலத் தளத்தையே அழித்துவிட்டார். காப்புப் பிரதியைத் தேடினால், பிரதியெடுப்பு முன்னரே பழுதுற்றிருந்தது. பழுதை அறிவித்த மின்னஞ்சல்கள் ஏற்கப்படாமல் தள்ளப்பட்டிருந்தமையால் எவருக்கும் அது தெரிந்திலது. ஏறத்தாழ ஆறு மணி நேரத் தரவுகள் போயின. ஆதலால் நாங்கள் வேண்டுமென்றே பயனற்ற கோப்பொன்றால் வட்டை நிரப்பிப் பார்த்தோம். நூற்றுக்கு எண்பது நிரம்பியதும் இருவருடைய கைத்தொலைபேசிகளில் செய்தி வந்தது. கண்காணியே உறங்கிவிட்டால் அறிவிக்க, கட்டாரிலிருந்து மணிக்கொருமுறை எட்டிப்பார்க்கும் பெரிய கங்காணியும் உண்டு.

இனி, அந்தக் கண்காணி கண்டுபிடித்த செய்திக்கு வருவேன். வழங்கி சிறிதன்று; நினைவகமும் குறைவன்று. பெயர் தேடும் ஒரே கேள்விதான் நேரமனைத்தையும் தின்றது. முகம்மது என்று ஓர் இடாப்பில், முஹம்மது என்று மற்றொன்றில், முகமது என்று வேறொன்றில். அந்தந்தக் காலத்து ஆசிரியர் தத்தம் காதுக்கும் கைக்கும் இயைய எழுதியவை அவை. எல்லா வடிவங்களையும் பிடிப்பதற்காக, ஒவ்வொரு தேடலிலும் இடாப்பு முழுவதும் முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கப்பட்டது. பெயர்களுக்குப் பொது வடிவமொன்றை வேறு நிரலில் எழுதி, அதற்குச் சுட்டி அமைத்தாற் போதும் என்றார் என் மாணவர். பெரிய வழங்கிக்கெனத் திரட்டிய பணம் பெட்டியிலேயே இருந்தது. எழுத்து வேறுபாடுகளின் அட்டவணையை நானே இயற்றினேன். இலக்கணம் படித்ததற்கு இவ்வளவு கைம்மேற் பயன் எனக்கு முன்னர் கிடைத்ததில்லை.

ஐந்து வாரத்தின் பின் அந்த முதியவர் மீண்டும் வந்தார். அதே பொலித்தீன் உறை. அவர் சொன்ன எழுத்துக்கூட்டலில் பெயர் இடாப்பில் இல்லை. வேறொரு வடிவில் இருந்தது. விடை உடனே வந்தது. கறை படிந்த தாளின் நிழற்படத்தைத் திரையிற் பெரிதாக்கிக் காட்டினேன். தம் பெயரை வாசித்தபின் அவர் விரல் அதற்கு அடுத்த வரியில் நின்றது. “இது என்ட தம்பி. அவனும் இதில இருக்கிறான்” என்றார். தம்பி அந்த டிசெம்பரிற் போனவர். இரண்டு பெயருக்கும் பிரதி எடுத்துக் கொடுத்தேன்.