கிளைமொழிக்காகக் கேட்கப்பட்ட ஊர்ப்பெயர்

1916 டிசம்பர் 11 அன்று, பெர்லினுக்குத் தெற்கேயுள்ள வூன்ஸ்டார்ஃப் போர்க்கைதி முகாமில், மல் சிங் என்னும் பஞ்சாபிச் சிப்பாய் ஒலிப்பதிவுக் கருவியின் குழல்முன் நின்று பேசினார். ஒன்றரை நிமிடத்திற்கும் குறைவான பேச்சு. அதில் 'நான்' என்ற சொல் இல்லை. ஒரு மனிதன் இருந்தான், இந்துஸ்தானத்தில் வெண்ணெயும் பாலும் உண்டு வளர்ந்தான், ஐரோப்பியப் போருக்கு வந்தான், ஜெர்மனியிடம் பிடிபட்டான், இப்போது ஊர் திரும்ப விரும்புகிறான். தம் கதை முழுவதையும் அவர் படர்க்கையில்தான் சொன்னார்.

அந்த முகாமுக்கு 'அரைப்பிறை முகாம்' என்று பெயர். பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகளிலிருந்து பிடிபட்ட முஸ்லிம்களையும், அவர்களோடு சீக்கியர், இந்துக்களையும் அங்கே வைத்து, தம் ஆட்சியாளர்களுக்கு எதிராகத் திருப்பிவிடலாம் என்று ஜெர்மனி கணக்குப் போட்டது. அறிஞர்கள் கண்டது வேறு வாய்ப்பை. உலகின் மொழிகளெல்லாம் ஒரே முள்வேலிக்குள் அடைபட்டுக் கிடந்தன. பயணச் செலவின்றிக் களஆய்வு! ஆங்கில ஆசிரியரான வில்ஹெல்ம் டோகன் முன்னின்று நடத்திய பிரஷ்ய அரச ஒலிப்பதிவு ஆணையம், 1915 முதல் 1918 வரை பல முகாம்களில் ஏறத்தாழ 250 மொழிகளிலும் கிளைமொழிகளிலுமாக 1,650 தட்டுகளைப் பதிவுசெய்தது. ஹைன்ரிக் லூடர்ஸ் போன்ற இந்தியவியலாளர்களும் அதில் பங்கேற்றனர். சிறைப்பட்டவர் மறுத்துவிட்டுப் போயிருக்க முடியுமா என்ற கேள்வியை இத்துறை நெடுங்காலம் கேட்டுக்கொள்ளவே இல்லை. அத்தட்டுகள் இன்று பெர்லின் ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தின் ஒலிக் காப்பகத்தில் உள்ளன.

ஆனால், காணாமற்போன வீரரைத் தேடுவோருக்குத் தட்டைவிடப் பயன்படுவது அதனுடன் வைக்கப்பட்ட ஆள்விவரத் தாள்தான். பேசுபவர் எங்கே பிறந்தார், முதல் ஆறு ஆண்டுகள் எங்கே வளர்ந்தார், ஏழு முதல் இருபது வயது வரை எங்கே வாழ்ந்தார், தந்தை எவ்வூரார், தாய் எவ்வூரார், எந்த மொழிகள் தெரியும், எந்த எழுத்தில் எழுதுவார் என்றெல்லாம் அது கேட்கிறது. இவை கிளைமொழி ஆய்வாளரின் கேள்விகள். மனிதர்மேல் கொண்ட அக்கறையால் எழுந்தவை அல்ல. தாயின் ஊரைக் கேட்டது, குழந்தையின் உச்சரிப்பில் அவ்வூர் தங்கியிருக்கும் என்பதற்காக. ஆயினும் ஒரு குடும்பம் தன் மூதாதையைத் தேடும்போது வேண்டுவது ஏறக்குறைய இவ்விவரங்களையே.

இராணுவம் வைத்திருந்த அடையாளம் எண்ணும் படைப்பிரிவும். எண்ணோ அந்தப் படைப்பிரிவுக்குள் மட்டுமே செல்லும். 1922ஆம் ஆண்டுச் சீரமைப்பில் படைப்பிரிவுகளின் பெயர்களே மாறின. 47ஆம் சீக்கியர் படை, 11ஆம் சீக்கியப் படைப்பிரிவின் 5ஆம் பட்டாளம் ஆயிற்று. கல்லறையற்றவர்களுக்காகப் பிரான்ஸின் நூவ் ஷாப்பெல்லில் எழுந்த நினைவிடத்தில் 4,700க்கும் மேற்பட்ட இந்தியப் பெயர்கள் பொறிக்கப்பட்டன. பாஸ்ரா நினைவிடத்திலோ அதிகாரிகளுக்கு மட்டுமே பெயர். இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவுவாரியாக வெறும் எண்ணிக்கை. இத்தகைய பாகுபாட்டைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டது. குறைந்தது 1,16,000 பேர், பெரும்பாலும் ஆப்பிரிக்கரும் மத்தியக் கிழக்கினரும், பெயர் சொல்லி நினைவுகூரப்படவே இல்லை.

பெயர் இருந்தாலும் எழுத்துக்கூட்டல் குறுக்கே நிற்கும். பஞ்சாபியில் சொல்லின் முதலில் வரும் 'bh' ஒலி, தாழ்ந்த தொனியுடன் கூடிய 'p' ஆக ஒலிக்கும். ஆகவே குர்முகி எழுத்தைப் பார்த்து எழுதும் எழுத்தர் 'பகத்' என்ற பெயரை உரோமன் 'B'யில் தொடங்குவார். காதால் கேட்டு எழுதுபவர் 'P'யில் தொடங்கலாம். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒரே பகரம்தான். அகரவரிசைப் பெட்டிகளிலோ இரண்டுக்கும் இடையே ஆயிரக்கணக்கான அட்டைகள். ஜெனீவாவில் செஞ்சிலுவைச் சங்கம் அப்போரின் கைதிகளுக்காகத் தொகுத்த சுமார் எழுபது இலட்சம் அட்டைகள் இப்போது இணையத்தில் உள்ளன. ஒரே பெயரைப் பல வடிவங்களில் தேடும் பொறுமையில்லாதவருக்கு அவை திறவாக் கதவுகள்.

இங்கேதான் ஊர்ப்பெயர் கைகொடுக்கிறது. போருக்குப்பின் பஞ்சாப் அரசு தொகுத்த, சுமார் 3,20,000 வீரர்களின் விவரங்கள் அடங்கிய பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் இருந்தன. அவற்றின் ஒரு பகுதி, ஜலந்தர், லூதியானா, சியால்கோட் மாவட்டங்களுக்குரியது, 2021இல் இணையத்தில் வெளியாயிற்று. அவை ஊர்வாரியாக அமைந்தவை. பெர்லின் தாளில் குறித்த ஊரைக் கொண்டு அத்தகைய பதிவேட்டின் பக்கத்தைத் திறந்தால், எழுத்துக்கூட்டல் எப்படித் திரிந்திருந்தாலும், பார்க்க வேண்டிய பெயர்கள் சிலவே எஞ்சும்.

வூன்ஸ்டார்ஃபுக்கு அருகிலுள்ள ஸேரென்ஸ்டார்ஃப் இந்தியக் கல்லறைத் தோட்டத்தில் 206 பேர் நினைவுகூரப்படுகின்றனர். சோவியத் படைகள் அப்பகுதியைவிட்டு 1994இல் வெளியேறிய பிறகே அது சீரமைக்கப்பட்டு, 2005இல் மீண்டும் திறக்கப்பட்டது. முகாமில் இருந்த எல்லோரையும் ஆணையம் பதிவுசெய்யவில்லை. தாளின் இறுதியில் குரல் எத்தகையது என்று மதிப்பிடும் கட்டமும் உண்டு. தெளிவாகப் பேசுபவர்களையே அவர்கள் நாடினர். குழல்முன் அழைக்கப்படாத ஒருவரின் தாய் எந்த ஊரில் பிறந்தாள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.