மைனஸ் பத்தா, மைனஸ் இருபதா?

தை மாதம் பிறந்தால் ரொறன்ரோவில் எங்கட சனம் தொலைபேசியில் கேட்கிற முதல் கேள்வி, "வெளியில எவ்வளவு குளிர்?" ஒருவர் மைனஸ் பத்து என்பார், மற்றவர் மைனஸ் இருபது என்பார். இரண்டும் சரிதான். முதலாவது வெப்பமானி காட்டுவது. இரண்டாவது 'விண்ட் சில்'.

எங்கள் உடம்பு, தன்னைச் சுற்றியுள்ள காற்றைக் கொஞ்சம் சூடாக்கிப் போர்வை மாதிரி வைத்திருக்கும். வீசுகிற காற்று அந்தப் போர்வையைப் பறித்துக்கொண்டு போகிறது. மைனஸ் 10 பாகையில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வீசினால், முகத்துக்கு அது மைனஸ் 20 போல இருக்கும். இப்போதைய கணக்கு 2001இல் வந்தது. இதே ரொறன்ரோவில் தொண்டர்களைக் குளிர்காற்றுக்குள் நடக்கவிட்டு, முகத்தில் உணரிகள் ஒட்டிச் சரிபார்த்தார்கள். (காசு தந்தாலும் நான் போயிருக்க மாட்டன்!)

அது வெப்பநிலை அல்ல என்பதால்தான் கனடாவில் அந்த எண்ணுக்குப் பாகைக் குறி போடுவதில்லை. உங்கள் கார் இயந்திரம் கெதியாக ஆறும், ஆனால் மைனஸ் பத்துக்குக் கீழே போகாது.

தோலின் கதை வேறு. அந்த எண் மைனஸ் 28ஐத் தொட்டால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம். ஊரில் வாடைக்காற்றுக்கே தலையில் துவாய் சுற்றிய ஆட்கள் நாங்கள். இங்கே படிக்க வருகிற பிள்ளைகள் தொப்பியில்லாமல் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். ஸ்காபரோவில் ஒரு தம்பியின் காதுநுனி வெள்ளையாய்ப் போயிருந்தது. சிவப்பல்ல, வெள்ளை. உறையத் தொடங்கியதன் அடையாளம். அவர் அதைத் தேய்க்கப் போனார்.

"தேய்க்காதையும் தம்பி, கையால பொத்திப் பிடியும்" என்று சொல்லி, என் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தேன்.