பெட்டி இறங்கிய படிகள்

இஷா தொழுகைக்குப் பின் எங்கள் கூடுவாஞ்சேரி வீட்டில் இப்போதெல்லாம் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. சிரிப்பவர் என் அத்தா. வயது எண்பத்து நான்கு. அம்மா வஃபாத்தான பின் அவருக்கு மறதி வேகமாகக் கூடிவிட்டது. பேரப்பிள்ளைகளின் பெயர்களை மாற்றி அழைக்கிறார். தொழுததை மறந்து மீண்டும் தக்பீர் கட்டுகிறார். ஆனால் என் இளைய மகன் கைபேசியில் லாரல், ஹார்டி இருவரின் படத்தை வைத்து, “தாதா, பாருங்க” என்று நீட்டிவிட்டால், தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரிக்கிறார்.

அந்தச் சிரிப்பை ஒரு காலத்தில் இவ்வீட்டிலிருந்து வெளியேற்றியவன் நான்.

அத்தா பெரியமேட்டில் ஒரு தோல் மண்டியில் கணக்கெழுதினார். அவருடைய ஆங்கிலம் பேரேட்டைத் தாண்டாது. என்றாலும் ஆங்கிலப் படம் என்றால் உயிர். 1964இல் மவுண்ட்ரோட்டில் சஃபையர் திரையரங்கு திறந்தபோது அவர் இளைஞர். அதே வளாகத்தில் புளூ டயமண்ட் என்றோர் அரங்கு இருந்தது. அங்கே படம் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும்; எப்போது வேண்டுமானாலும் நுழையலாம். விடுமுறை நாளில் அஸர் தொழுதுவிட்டுப் பாதிப் படத்தில் நுழைவார். முடிவை முதலிலும் தொடக்கத்தைப் பின்னரும் பார்த்துவிட்டு மஃரிபுக்கு எழுந்து வந்துவிடுவாராம். “முடிவு தெரிஞ்சிட்டா ஆரம்பத்துல பயம் இருக்காது” என்பார்.

அவரும் எல்லை வைத்திருந்தார். மூஸா (அலை) அவர்களாக ஒரு நடிகர் தோன்றும் ‘டென் கமாண்ட்மென்ட்ஸ்’ படத்தை, நண்பர்கள் எவ்வளவு அழைத்தும், அவர் பார்க்கவில்லை. நபிமார்களுக்கு மனிதர் வேடமிடுவதில் அவருக்கு உடன்பாடில்லை. அலெப்போவில் பிறந்து அமெரிக்காவில் திரைக்கலை பயின்ற முஸ்தஃபா அக்காத் 1976இல் வெளியிட்ட ‘தி மெசேஜ்’ படத்தில் நபி (ஸல்) அவர்களின் உருவமோ குரலோ இடம்பெறவில்லை என்று விசாரித்தறிந்த பிறகே, பல ஆண்டுகள் கழித்து, வீடியோ கேசட்டில் அதைப் பார்த்தார். இந்தப் பேணுதலை எனக்கு எவரும் பாடமாக நடத்தவில்லை. அவர் எந்தப் படத்துக்குப் போகவில்லை என்பதைப் பார்த்தே அறிந்தேன்.

எண்பதுகளில் வீட்டுக்கு டயனோரா கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி வந்தது. மரக் கதவு வைத்த பெட்டி. எங்களுக்கு நிகழ்ச்சிகளைவிட விளம்பரங்கள்தாம் பிடிக்கும். அகமதாபாத்தின் கர்சன்பாய் படேல் தம் மகள் நிருபமாவின் பெயரையொட்டிப் பெயரிட்ட நிர்மாவின் மெட்டை அம்மா துணி துவைக்கும்போது முணுமுணுப்பார். காய்கறிக்காரரிடம் பேரம் பேசி, பிறகு சர்ஃப் வாங்குவதற்கு நியாயம் சொல்லும் லலிதாஜியைத் தம் கட்சிக்காரராகவே கருதினார். கொடைக்கானல் அருவியில் எடுத்த லிரில் சோப்பு விளம்பரம் வந்தால் மட்டும் அத்தாவுக்குச் சுவர்க் கடிகாரத்தில் திடீரென்று ஆர்வம் பிறந்துவிடும். சாப்ளின் வரும் நாளில் கடிகாரத்தின் பக்கமே திரும்ப மாட்டார்.

1996இல் எனக்கு வயது இருபத்திரண்டு. பயான்களுக்குத் தவறாமல் சென்ற காலம். தொலைக்காட்சியை வீட்டைவிட்டு அகற்றுவது அன்று நம் குடும்பங்கள் பலவற்றில் ஈமானின் அடையாளமாகவே பேசப்பட்டது. சூரா லுக்மானில் வீண் பேச்சைக் கண்டிக்கும் வசனத்தை எடுத்துக்காட்டி அத்தாவிடம் ஒரு வாரம் வாதிட்டேன். அவர் பதில் பேசவில்லை. எட்டாம் நாள், “உனக்கு அதுல நிம்மதின்னா எடுத்துட்டுப் போ தம்பி” என்றார். நானும் ஒரு நண்பனும் பெட்டியைத் தூக்கி மாடிப்படியில் இறக்கினோம். அத்தா மேல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு அவர் படங்களைப் பற்றிப் பேசவே இல்லை.

இன்று பிள்ளைகளின் கைபேசியில் வந்து கொட்டுவதைப் பார்க்கையில், அன்றைய என் அச்சம் முழுவதும் வீண் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அபிசீனியர்கள் மஸ்ஜிதில் ஈட்டி விளையாடியதையும், ஆயிஷா (ரலி) அவர்கள் சலிக்கும்வரை அதைப் பார்க்க நபி (ஸல்) அவர்கள் நின்று கொடுத்ததையும் நான் அன்றே படித்திருந்தேன். மனைவி மக்களோடு கலந்திருக்கையில் மறுமை நினைவு மங்குவதைக் கண்டு, தாம் நயவஞ்சகராகிவிட்டோமோ என்று கலங்கி வந்த ஹன்ளலா (ரலி) அவர்களுக்கு, அதற்கும் இதற்கும் வெவ்வேறு நேரம் உண்டு என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் ஆறுதல் சொன்னதும் எனக்குத் தெரியும். அத்தாவிடம் வாதிட்டபோது இவ்விரண்டையும் சொல்லாமல் விட்டேன். சொல்லியிருந்தால் என் வாதம் பலவீனப்பட்டிருக்கும்.

சென்ற வாரம் என் மகன் வைத்த படம் ‘தி மியூசிக் பாக்ஸ்’. 1932இல் வந்து ஆஸ்கர் விருது பெற்ற குறும்படம். லாரலும் ஹார்டியும் ஒரு பியானோவை மரப் பெட்டியில் வைத்து நெடிய படிக்கட்டில் ஏற்றுகிறார்கள். பெட்டி கைநழுவிக் கீழே ஓடுகிறது, மீண்டும் ஏற்றுகிறார்கள். ஒருவழியாக உச்சிக்கு வந்ததும், வீட்டுக்கு வேறு வழியாக வண்டிப் பாதை உண்டென்று ஒரு தபால்காரர் சொல்கிறார். உடனே இருவரும் பெட்டியைத் திரும்பவும் கீழே இறக்குகிறார்கள், வண்டியில் கொண்டுவருவதற்காக!

அத்தாவுக்கு மூச்சு வாங்கியது. நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். எங்கோ தேடுகிறார் என்று தெரிந்தது.

“தம்பி, அன்னைக்கு நம்ம பெட்டிய இடிக்காம இறக்கினீங்களா?”

இருபத்தெட்டு ஆண்டுகள். என் மகன் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“இல்லத்தா. திருப்பத்துல சுவத்துல இடிச்சிட்டோம். ஒரு பக்கக் கதவு பேந்துடுச்சு. உங்ககிட்ட சொல்லல.”

“எனக்குச் சத்தம் கேட்டுச்சு” என்றார் அத்தா. பிறகு பேரனின் கையைத் தட்டி, படத்தை முதலிலிருந்து வைக்கச் சொன்னார்.