ஃப்ரெனே என்று ஒரு சொல்

தீபாவளி லீவுக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்த பேத்தி, பையில் துணிமணியை விட இரும்புச் சாமானைத்தான் அதிகம் சுமந்து வந்தாள். மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். கல்லூரிப் பிள்ளைகள் சேர்ந்து ஒருவர் மட்டும் உட்காரும் ரேஸ் கார் ஒன்றைச் செய்கிறார்கள். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறதல்லவா, அங்கே நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டியில் ஓட்டுவதற்காக. பிரேக் பகுதி இவள் பொறுப்பு.

ராத்திரி சாப்பாடு ஆனதும் சாப்பாட்டு மேசையில் பழைய தினசரியை விரித்து, பிரேக் டிஸ்க்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நம் வீட்டு ஸ்கூட்டரில் இருப்பது போல ஒரே தட்டு இல்லை. வெளியே இரும்பு வளையம், நடுவில் அலுமினியக் கிண்ணம், இரண்டையும் சேர்க்கச் சுற்றிலும் சின்னச் சின்ன போல்ட்டுகள். ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் குறுக்கே ஊசித் துளை. பூ கட்டுகிற மாதிரி ஒரு மெல்லிய கம்பியை அந்தத் துளைகளில் கோத்து முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கும்மா கம்பி? நல்லா முடுக்கினா போதாதா?" என்றேன்.

"போதாது தாத்தா. பிரேக் பிடிக்கப் பிடிக்க டிஸ்க் நூத்துக்கணக்கான டிகிரி சூடாகும், அப்புறம் ஆறும். கூடவே அதிர்வு. எவ்வளவு முடுக்கினாலும் கொஞ்சம் கொஞ்சமா கழலப் பார்க்கும். நைலான் வச்ச நட்டு அந்தச் சூட்டுக்கு இளகிடும். ஸ்பிரிங் வாஷரையும் மரையில தடவுற பசையையும் போட்டியில கணக்கிலேயே எடுத்துக்க மாட்டாங்க."

அவள் சொல்லித் தந்ததில் எனக்குப் புரிந்தது இது. கம்பி போல்ட்டை இறுக்காது. இறுக்குவது ஸ்பானர் வேலை. அதை முதலில் சரியான அளவுக்கு முடித்துவிட வேண்டும். கம்பி, கழலாமல் காவல் இருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு போல்ட்டுகளைச் சேர்த்துக் கட்டும்போது, இடது போல்ட்டின் மேல்பக்கமாகக் கிளம்பும் கம்பி, வலது போல்ட்டின் அடிப்பக்கமாகப் போய்ச் சேர வேண்டும். அப்போது ஒன்று கழலப் பார்த்தால் மற்றதை இறுகும் பக்கமாக இழுக்கும். அது இறுகியே இருப்பதால் அசையாது, இதுவும் கழல முடியாது. கம்பி துருப்பிடிக்காத எஃகு, முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான கனம். தொய்வும் கூடாது, அதிகம் முறுக்கினால் அறுந்துவிடும். நுனியை மடித்து உள்ளே தள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் கையைக் கிழிக்கும். ஒருமுறை வெட்டி எடுத்த கம்பியைத் திரும்பப் போடவே கூடாதாம்.

"பிரெஞ்சுல இதுக்கு என்ன தாத்தா பேரு?" என்று விளையாட்டாகக் கேட்டாள்.

தெரியவில்லை. அவளே போனில் தேடிக் காட்டினாள். 'ஃபில் ஆ ஃப்ரெனே.' பார்த்ததும் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது.

1976. அரசு வேலையில் சேர்ந்து மூன்று வருஷம். எங்கள் அலுவலகத்தின் பொறுப்பில் பிரெஞ்சுக்காரர் காலத்துத் தண்ணீர் பம்பு எஞ்சின் ஒன்று இருந்தது. அதைப் பிரித்துப் பழுது பார்க்கும்போது அதன் கையேட்டை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தரச் சொன்னார்கள். புதிதாக வந்த எஞ்சினியருக்குப் பிரெஞ்சு தெரியாது. பிரெஞ்சு வழியில் படித்த எனக்கோ ஆங்கிலம் அரைகுறை. இணைப்புத் தகட்டு போல்ட்டுகளைப் பற்றிய இடத்தில் அந்த 'ஃப்ரெனே' வந்தது. ஃப்ரேன் என்றால் பிரேக் என்றுதான் பள்ளியில் படித்திருந்தேன். 'போல்ட்டுகளுக்குக் கம்பியால் பிரேக் போடவும்' என்று எழுதிக் கொடுத்தேன். எஞ்சினியர் படித்துவிட்டுச் சிரித்தார். "என்னய்யா இது, பம்புக்கு ஏது பிரேக்கு?" என்று அந்த வரியைச் சிவப்புப் பென்சிலால் அடித்தார். நானும் சிரித்தேன்.

ஃப்ரேன் என்ற சொல்லின் பழைய பொருள் குதிரைக் கடிவாளம். லத்தீனில் இருந்து வந்தது. பட்டறை மொழியில் ஒரு நட்டை ஃப்ரெனே செய்வது என்றால் கழலாமல் கட்டிவைப்பது. அகராதியைப் பொறுமையாகப் பார்த்திருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும். பார்க்கவில்லை.

எஞ்சினைத் திரும்பப் பூட்டிய பம்பு ஆப்பரேட்டர் அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் பூட்டினார். பழைய கம்பிகளை வெட்டிப் போட்டார், புதிது போடவில்லை. சில மாதத்தில் ஓடும்போதே ஒரு போல்ட் கழன்று தெறித்து அவர் முழங்காலுக்குக் கீழே அடித்தது. மூன்று மாதம் படுக்கை. விசாரணையில், "முடுக்கினேன் சார், சத்தியமா முடுக்கினேன்" என்றார். யாரும் கேட்கவில்லை. கவனக்குறைவு என்று முடிவாகி ஒரு வருஷ இன்கிரிமென்ட் வெட்டு. அந்த ஆணையைத் தட்டச்சு செய்தவன் நான். செய்யும்போது, முடுக்கியிருந்தால் ஏன் கழலப் போகிறது என்றுதான் நினைத்தேன். பிறகு எங்கே பார்த்தாலும் "என்ன தம்பி, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுக் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து போவார்.

பேத்தியிடம் எதுவும் சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவள் கட்டியதை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு ஜோடியில் கம்பி இரண்டு போல்ட்டுக்கும் மேல்பக்கமாகவே போயிருந்தது. "இது ஒன்றைப் பிடித்தாலும் மற்றதைக் கழற்றத்தானேம்மா இழுக்கும்?" என்றேன். உற்றுப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். வெட்டிப் போட்டுப் புதுக் கம்பி எடுத்தாள். படுக்கப் போகும்போது மணி பன்னிரண்டு.

அடுத்த ஞாயிறு முத்தியால்பேட்டைக்குப் போனேன். ஆப்பரேட்டர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. மகன் இருக்கிறார், அவருக்கே ஐம்பதுக்கு மேல். திண்ணையில் உட்கார வைத்தார். காகிதம், சிவப்புப் பென்சில், கம்பி என்று எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு சார், நான் முடுக்கினேன்னு" என்றார். பிறகு உள்ளே திரும்பி, "அம்மாவை இங்க வரச் சொல்லு" என்று குரல் கொடுத்தார். "இதை அவங்க கிட்ட நீங்களே ஒரு தடவை சொல்லிடுங்க."

அந்த அம்மாளுக்குக் காது மந்தம். இரண்டு தடவை சொன்னேன்.