அளந்த பின் கேள்

காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பாராமலே மருந்துக் கடைக்கு ஓடுபவரைக் கண்டால் நாம் நகைப்போம். சென்ற மே மாதம் நான் செய்தது அதுவேதான். காய்ச்சல் கண்டது பிள்ளைக்கன்று. விடுதி அறையில் கட்டிலுக்கடியில் கிடந்த என் கணினியின் கிராபிக்ஸ் கார்டுக்கு.

பகலெல்லாம் ஆய்வுக்கூடம், இரவு உணவுக்குப் பின் சிறிது நேரம் விளையாட்டு. இதுவே என் வழக்கம். 2020-இல் வெளிவந்த ‘சைபர்பங்க் 2077’ விளையாட்டில் அப்போது மூழ்கியிருந்தேன். முதல் பத்து நிமிடம் படம் ஆற்று நீர்போல் ஓடும். பிறகு மேடேறும் மாட்டு வண்டியாகத் தடுமாறும். கார்டுக்கு வயதாகிவிட்டது என்று முடிவு கட்டினேன். உடனே ஊருக்குப் பேசி, “படிப்புக்குப் புதுக் கார்டு ஒன்று வேண்டும் அப்பா; 25,000 ரூபாய் ஆகும்” என்றேன். ‘படிப்புக்கு’ என்ற சொல்லை எப்படித்தான் நாக்கூசாமல் சொன்னேனோ! அப்பா ஒன்றும் கேட்கவில்லை. “தபாலாபீஸில் போட்டிருப்பதை எடுத்து அடுத்த வாரம் அனுப்புகிறேன்” என்றார்.

இதை அடுத்த அறை அண்ணனிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: “சூடு எவ்வளவு என்று பார்த்தாயா தம்பி?”

நான் விழித்தேன்.

அன்றிரவே எம்எஸ்ஐ ஆப்டர்பர்னர் என்னும் இலவச மென்பொருளையும், அதற்குத் துணையான ரிவாடியூனரையும் நிறுவித் தந்தார். விளையாடும்போதே திரையின் மூலையில் வெப்பநிலை, உழைப்பின் அளவு, கடிகார வேகம், விசிறியின் வேகம், நொடிக்கு எத்தனை பிரேம் என்பனவெல்லாம் தெரிந்தன. தொடக்கத்தில் 62 டிகிரி, 1,800 மெகாஹெர்ட்ஸ், 60 பிரேம். பத்தாம் நிமிடத்தில் 88 டிகிரி. விசிறி அலறியது, கடிகார வேகம் 1,300-க்குச் சரிந்தது, பிரேம் 43.

“உழைப்பு 99 சதவீதம் என்று காட்டுகிறதே அண்ணா, நன்றாகத்தானே வேலை செய்கிறது?” என்றேன்.

“ஓய்வில்லாமல் உழைக்கிறது என்பதைத்தான் அந்த எண் சொல்லும். எவ்வளவு வேகமாக உழைக்கிறது என்பதைக் கடிகார வேகத்தில் பார்” என்றார். சூடு எல்லை மீறினால் கார்டு தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாம். என்விடியா கார்டுகள் பலவற்றில் அந்த இலக்கு 83 டிகிரி அளவில் இருக்கும் என்றும் சொன்னார். பிரேம்களின் சராசரியை மட்டும் நம்பக் கூடாது என்பது அவர் கற்பித்த மற்றொரு பாடம். நொடிக்கு 60 என்றால் ஒரு பிரேமுக்கு 16.7 மில்லி நொடி. இடையில் ஒன்று மட்டும் 50 மில்லி நொடி எடுத்தாலும் சராசரி அதை மறைத்துவிடும், கண் மறைக்காது.

மறுநாள் மின்னிணைப்பை நீக்கிப் பெட்டியைத் திறந்தோம். டில்லிக் கோடையின் ‘ஆந்தி’ப் புழுதியை நீங்கள் அறிவீர்கள். இரண்டு கோடைகளின் புழுதி, கார்டின் உலோகத் தகடுகளுக்கிடையே கம்பளிபோல் படிந்திருந்தது. விசிறி சுழன்று கெடாதபடி விரலால் பிடித்துக்கொண்டு தூரிகையால் துடைத்தோம். பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து எடுத்து, சுவரை ஒட்டாமல் மேஜைமேல் வைத்தோம். பிரேம் 60-ஐத் தாண்டாதபடி வரம்பும் கட்டினோம். அன்றிரவு ஒரு மணி நேரம் ஆடியும் சூடு 74 டிகிரியைத் தாண்டவில்லை. தூரிகைக்கு 40 ரூபாய், வேறு செலவில்லை.

எண்கள் சீராகிவிட்டன. ஊருக்குச் சொன்ன பொய் மட்டும் அப்படியே இருந்தது. இரண்டு நாள் தயங்கினேன். மூன்றாம் நாள் அப்பாவை அழைத்து, “பணம் வேண்டாம் அப்பா. நான் கேட்டது படிப்புக்கும் அல்ல, விளையாட்டுக்கு” என்று தொடங்கி நடந்ததையெல்லாம் சொன்னேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, “புழுதியெல்லாம் போய்விட்டதா?” என்று கேட்டார்.

“போய்விட்டது அப்பா” என்றேன்.

நண்பர்களே, அடுத்த கோடையில் உங்கள் கார்டும் தடுமாறலாம். முதலில் அளந்து பாருங்கள். ஊருக்குப் பேசுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.