கவிஞருக்கு ஓர் ஆள்

தமிழ்நாட்டில் கவிஞர்களுக்குப் பஞ்சம் வந்ததாகச் சரித்திரமே கிடையாது. மழை பொய்த்த வருஷங்களிலும் வெண்பா விளைந்திருக்கிறது. பஞ்சமெல்லாம் கேட்பவர்களுக்குத்தான். என்னைப் போன்ற கதை எழுதுகிறவனுக்கு இந்தக் கஷ்டம் அவ்வளவாகத் தெரியாது. 'அப்புறம் என்ன ஆயிற்று?' என்ற கேள்வி ஒன்று போதும். அதுவே வாசகரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடும். கவிதைக்கு அந்த உபகாரம் இல்லை. அது வாசலில் வந்து நிற்கும். உள்ளே அழைத்தால் வரும். அழைக்காவிட்டால் சொல்லிக்கொள்ளாமல் போய்விடும்.

ஆகவே கவிஞருக்கு எந்தக் காலத்திலும் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. 'வாசலில் ஒருவர் நிற்கிறார், கொஞ்சம் கவனியுங்கள்' என்று வீட்டுக்குள் வந்து சொல்வதற்கு ஓர் ஆள்.

இதை நம் பெரியவர்கள் நன்றாகவே உணர்ந்திருந்தார்கள். எத்தனை துறைகளில் கரை கண்டவனானாலும் தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது தகுதியல்ல என்று நன்னூல் பாயிரத்தில் பவணந்தி முனிவர் விதி செய்திருக்கிறார். சில இடங்களுக்கு விலக்கும் கொடுத்திருக்கிறார் என்றாலும், பொது விதி அதுதான். அப்படியானால் நூலுக்குச் சிறப்புப் பாயிரம் யார் பாடுவது? அவனுடைய ஆசிரியர் பாடலாம், கூடப் படித்தவர் பாடலாம், மாணாக்கர் பாடலாம், தகுதியுள்ள உரைகாரர் பாடலாம். அதில் சொல்ல வேண்டிய விஷயங்கள் எட்டு என்றும் கணக்குக் கொடுத்திருக்கிறார். அந்த எட்டில் முதலாவது, ஆக்கியவனுடைய பெயர். ஏழாவது, கேட்போர், அதாவது, இந்த நூல் யார் கேட்பதற்கு உரியது என்பது. இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

சமீப காலத்துக்கு வருவோம். 1907-ல் பாரதியார் சென்னையில் இருந்தார். அவருடைய தேசியப் பாட்டுகளைக் கேட்டவர்கள் சொற்பம். ஜி. ஏ. நடேசன் அவரை வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயரிடம் அழைத்துக்கொண்டு போனார். ஐயர் மிதவாதி, பாரதியாரோ தீவிரவாதி. அரசியலில் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். பாட்டைக் கேட்டார் ஐயர், கட்சியை மறந்தார். 'சுதேச கீதங்கள்' என்று ஒரு சிறு பிரசுரமாகப் பதினைந்தாயிரம் பிரதிகள் தம் செலவில் அச்சடித்து இலவசமாக விநியோகம் செய்தார். இன்றைக்கு ஒரு கவிதைப் புத்தகம் ஐந்நூறு பிரதி போவதற்கே திருஷ்டி கழிக்க வேண்டியிருக்கிறது. அன்று ஒரு மனிதர், எதிர்க்கட்சிக்காரர், பதினைந்தாயிரம் வீடுகளின் கதவைத் தட்டினார்.

அதே பாரதியார் 1920-ல் கடையத்தில் இருந்துகொண்டு இன்னொரு திட்டம் போட்டார். தம் எழுத்துகளை நாற்பது புத்தகங்களாக்கி, புத்தகத்துக்குப் பதினாயிரம் பிரதி அச்சிட வேண்டும். தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் வீட்டுக்கு வீடு போவது போல அவை போக வேண்டும் என்று கணக்கெல்லாம் போட்டு நண்பர்களுக்கு எழுதினார். பணம் கடனாகக் கேட்டார். திட்டத்தில் குறை இல்லை. எழுதியவரிலும் குறை இல்லை. ஆள்தான் வரவில்லை. அடுத்த வருஷம் செப்டம்பரில் அவர் காலமானார்.

பிறகு சி. சு. செல்லப்பா வந்தார். 1959-ல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கி, புதுக் கவிதைக்குத் திண்ணையில் பாய் விரித்துக் கொடுத்தார். 1962-ல் இருபத்து நான்கு கவிஞர்களின் அறுபத்து மூன்று கவிதைகளைச் சேர்த்துப் 'புதுக்குரல்கள்' வெளியிட்டார். புத்தகங்களைத் தாமே சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். தம் சொந்த நாவலுக்காக மட்டும் அப்படி அலைந்திருந்தால் அது வியாபாரம். பிறருடைய கவிதைக்காகவும் அலைந்தாரே, அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இதெல்லாம் பழங்கதை, இப்போதுதான் இன்டர்நெட் வந்துவிட்டதே என்பீர்கள். வாஸ்தவம்; வந்துவிட்டது. வந்தபோதே கவிதையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1995 அக்டோபரில் சிங்கப்பூரில் நான்கு மொழிக் கவிதைகளைக் கொண்ட ஒரு தொகுப்பை இணையத்தில் ஏற்றினார்கள். அதில் தமிழும் ஒன்று. அதற்காகப் பாடுபட்ட நா. கோவிந்தசாமி தாமும் ஓர் எழுத்தாளர். 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் என்ற விஞ்ஞானியின் முயற்சியில் 'மதுரைத் திட்டம்' தொடங்கியது. பல தேசத்துத் தமிழர்கள் சம்பளமில்லாமல் உட்கார்ந்து பழைய நூல்களைத் தட்டெழுதினார்கள். அப்போது இடத்துக்கு இடம் ஓர் எழுத்துரு. அது நம் கம்ப்யூட்டரில் இல்லையென்றால், திருக்குறள்கூடக் கோழி கிளறிய மணல் மாதிரி தெரியும். யூனிகோடு என்ற பொது ஏற்பாடு பரவிய பிறகுதான், மன்னார்குடியில் தட்டிய எழுத்து மலேசியாவில் அப்படியே தெரிய ஆரம்பித்தது.

வேலி போய்விட்டது; சரி. வேலி போன நிலத்தில் எல்லாரும்தான் நுழைகிறார்கள். தினம் விடிந்தால் ஆயிரம் பாட்டு. இதற்கு நடுவில், தன்னைப் புகழத் தெரியாத ஒருவருடைய பாட்டு எப்படிக் கேட்போரிடம் போய்ச் சேரும்?

எனக்கு நெருங்கிய நண்பர் ஒருவர் இருக்கிறார். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவர் பெயரை இங்கே எழுதக் கூடாதென்று உத்தரவு. "பாட்டைப் படித்துவிட்டுப் பெயரைத் தேடட்டும் சார். கட்டுரையில் பெயரைப் பார்த்துவிட்டுப் பாட்டைத் தேட வேண்டாம்" என்கிறார். கைக்காசைப் போட்டு ஐந்நூறு பிரதி அச்சடித்தார். நூற்றுச் சொச்சம் பிரதிகள் அன்பளிப்பாகப் போயின. மிச்சம் பரணில், வெண்கலப் பானைகளுக்குப் பக்கத்தில் இருந்தன.

அவருடைய பேத்தியும் நானும் சேர்ந்து அந்தப் பாட்டுகளை இணையத்தில் போடுவதென்று தீர்மானித்தோம். வாரத்துக்கு ஒன்றுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம். அதற்குமேல் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். டெலிபோன் திரையின் அகலம் போதாமல் வரிகள் மடங்கிவிடும். அதனால் அடி பிறழாமல் இருக்கிறதா என்று பேத்தி ஒவ்வொரு முறையும் சரிபார்ப்பாள். கூடவே தாத்தாவின் குரலிலேயே அந்தப் பாட்டு. எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை, மேலே நாலு வரி எழுதுவது: இது எதைப் பற்றியது, எனக்கு ஏன் பிடித்தது. நன்னூல் சொன்ன 'உடன் படித்தவர்' வேலை.

முதல் இரண்டு மாதம் 'அருமை' 'அருமை' என்று வந்தது. கை கூப்பிய பொம்மைகள் வந்தன. நண்பர் ஒவ்வொன்றுக்கும் நன்றி எழுதினாரே தவிர, முகத்தில் ஒரு மலர்ச்சியும் இல்லை. பத்தாவது வாரம் ஒரு பாட்டு. மகள் கல்யாணத்துக்காகத் தகப்பனார் பத்தாயத்தைத் திறந்து நெல்லையெல்லாம் அளந்து விற்கிறார். கடைசி இரண்டு வரியில், எல்லாரும் போன பிறகு தாயார் அந்தக் காலிப் பத்தாயத்துக்குள் குனிந்து, மறுநாள் கஞ்சிக்காக மூலையைத் துடைப்பத்தால் கூட்டுகிறாள். அவ்வளவுதான் பாட்டு.

அதைப் படித்துவிட்டு ஓர் அம்மாள் எழுதினார். ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்து கொடுக்கும் வேலை. இரவு டியூட்டியில் படித்தாராம். 'ஐயா, எங்கள் ஊரில் குதிர் என்றுதான் சொல்வோம். பத்தாயமும் குதிரும் ஒன்றுதானா? உள்ளே ஆள் குனிந்து கூட்ட முடியுமா?' இவ்வளவுதான் கடிதம். என் நண்பர் அன்றைக்கு மூன்று பக்கம் பதில் எழுதினார். பத்தாயம் மரம், குதிர் மண், இதற்கு அடியில் திறப்பு எப்படி, அதற்கு எப்படி, தம் வீட்டுப் பத்தாயத்தில் சிறுவனாக ஒளிந்து விளையாடியது, எல்லாம். இருநூறு 'அருமை' செய்யாததை ஒரு கேள்வி செய்தது. கேட்போர் என்று பவணந்தியார் எழுதியது இந்த அம்மாளைத்தான் போலும்.

இதற்கு அப்புறம்தான் வேடிக்கை. சில மாதம் கழித்துத் தந்தையர் தினத்தன்று அதே பாட்டு என் டெலிபோனுக்கே வந்தது. யாரோ, யாருக்கோ, யார் மூலமாகவோ அனுப்பியது. பின்னணியில் சூரியோதயம். கீழே, 'மகாகவி பாரதியார்' என்று போட்டிருந்தது!

எனக்குக் கோபம் வந்தது. நண்பரிடம் காட்டினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "விடுங்கள் சார். பாரதியார் பெயரில் வந்திருக்கிறது. இதைவிடப் பெரிய பட்டம் யார் கொடுக்கப் போகிறார்கள்? தாலாட்டு எழுதியவள் பெயர் யாருக்குத் தெரியும்? பாட்டு பிழைத்தது, அது போதாதா?"

பேத்தி டெலிபோனை வாங்கிப் பார்த்தாள். "தாத்தா, இதில் கடைசி இரண்டு வரியே இல்லை."

சிரிப்பு நின்றது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். தந்தையர் தினத்துக்குத் தாயாரும் துடைப்பமும் எதற்கு என்று யாரோ வெட்டிவிட்டார்கள். தகப்பனாருடைய தியாகம் மட்டும் மிஞ்சியிருந்தது. நெடுநேரம் கழித்து, "அந்த இரண்டு வரிக்காகத்தானே சார் மற்றதையெல்லாம் எழுதினேன்" என்றார்.

ஆக்கியோன் பெயரை நன்னூல் ஏன் முதலில் வைத்தது என்று எனக்குத் தெளிவாகப் புரிந்தது அன்றைக்குத்தான். பெயர் என்பது பெருமைக்காக அல்ல, அது விலாசம். 'இது சரியான பாடந்தானா?' என்று கேட்க வேண்டுமானால், போய்க் கேட்க ஒரு வீடு வேண்டும். விலாசம் உதிர்ந்த பாட்டை யார் வேண்டுமானாலும் வெட்டலாம், ஒட்டலாம். தட்டிக்கேட்க ஆள் இல்லை. தாலாட்டின் கதை வேறு. அதைப் பாடியவர்கள் மாற்றினார்கள். தங்கள் குழந்தைக்காக, தங்கள் வாயால் மாற்றினார்கள். இங்கே வெட்டியவர் பாடவும் இல்லை, குழந்தையைத் தூங்க வைக்கவும் இல்லை.

நாங்கள் சரியான பாடத்தைக் குரலோடு மறுபடி போட்டோம். அதை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்! தவறு ஓடுகிற வேகத்தில் திருத்தம் ஓடுவதில்லை. ஆனால் ஒரு காரியம் நடந்தது. மருந்து கொடுக்கும் அந்த அம்மாளுக்கும், அவர்கள் குடும்பத்தார் செய்தி பரிமாறிக்கொள்ளும் குழுவில் அந்தச் சூரியோதயம் வந்திருக்கிறது. அவர் அங்கேயே எழுதினாராம்: 'இது பாரதியார் பாட்டு இல்லை. இன்னார் எழுதியது. கடைசியில் இரண்டு வரி விட்டுப்போயிருக்கிறது. அதைப் படியுங்கள், நம் பாட்டி ஞாபகம் வரும்.' அவருடைய நாத்தனார் அதை இன்னோர் இடத்துக்கு அனுப்பினார். அங்கிருந்து ஒரு கல்லூரி ஆசிரியைக்குப் போயிற்று. அந்த ஆசிரியை புத்தகம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்.

பரணிலிருந்து இதுவரை நாற்பத்தொரு பிரதிகள் இறங்கியிருக்கின்றன. பதினைந்தாயிரத்துக்குப் பக்கத்தில் இது ஒன்றுமில்லைதான். ஆனால் இந்த நாற்பத்தொன்றும் கேட்டு வாங்கப்பட்டவை. தபாலாபீசுக்கு நடக்கும்போது என் நண்பர் இப்போதெல்லாம் குடையை வீசிக்கொண்டு நடக்கிறார்.

இந்தக் கட்டுரையைப் படிக்கிற உங்களிடம் கவிதைக்காக மூட்டை சுமக்கச் சொல்லவில்லை. கிருஷ்ணசாமி ஐயர் மாதிரி செலவழிக்கவும் சொல்லவில்லை. உங்களுக்குப் பிடித்த பாட்டு ஒன்று கைக்கு வந்தால், மேலே அனுப்புவதற்கு முன் எழுதியவர் யார் என்று ஒரு நிமிஷம் தேடுங்கள். வரிகள் முழுசாக இருக்கின்றனவா என்று பாருங்கள். 'அருமை' என்பதற்குப் பதிலாக, எந்த வரி உங்களை நிறுத்தியது என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். புரியாவிட்டால் தயங்காமல் கேளுங்கள். கவிஞர்கள் பதில் சொல்லக் காத்துக்கொண்டிருக்கிற ஜாதி. முடிந்தால் ஒரு புத்தகம் வாங்குங்கள்.

அந்த அம்மாளுக்கு ஒரு பிரதியை அன்பளிப்பாக அனுப்பலாம் என்றேன் நண்பரிடம். அனுப்பிவிட்டாராம். அவர் பணத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். கூடவே இன்னொரு சந்தேகமும் கேட்டிருக்கிறார், இருபத்தேழாம் பக்கத்தில் ஒரு சொல்லைப் பற்றி.