கேர்ணலுக்குள் கால் வைக்குமுன்



உங்கள் பிள்ளை ஒருநாள் வந்து, "உம்மா, நான் கேர்ணல் மொடியூல் எழுதப் பழகப் போறன்" என்று சொன்னால் என்ன சொல்வீர்கள்? "முதலில் சாப்பிடு" என்பீர்கள். அதில் பிழையில்லை. ஆனாலும் அது என்ன வேலை, அதில் ஆபத்து எங்கே இருக்கிறது என்று ஒரு தாய் அறிந்திருப்பது நல்லது. அரபு இலக்கணம் படித்துக் கொடுக்கும் நான், நாற்பதைத் தாண்டிய வயதில், உயர்தரம் படிக்கும் மூத்த மகளோடு அமர்ந்து இதைப் பழகி வருகிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

கணனியில் நாம் பாவிக்கும் புரோகிராம்கள் எல்லாம் வெளித் திண்ணையில் இருப்பவை. ஒன்று குழம்பினால் அது மட்டுமே மூடிக்கொள்ளும். பணிசெயல் முறைமையின் நடுவில் இருப்பது கேர்ணல். நினைவகத்தைப் பங்கிடுவதும், டிஸ்க், விசைப்பலகை, கமரா போன்றவற்றோடு பேசுவதும் அதன் வேலை. 1991 இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது லினக்ஸ் கேர்ணல். 1992 முதல் அது ஜீபீஎல் உரிமத்தில் இருப்பதால் எவரும் திறந்து படிக்கலாம், திருத்தலாம். ஓடிக்கொண்டிருக்கும் கேர்ணலில், கணனியை நிறுத்தாமலே சேர்க்கவும் கழற்றவும் கூடிய துண்டுதான் மொடியூல்.

முதல் மொடியூல் மிகச் சிறியது. நுழையும்போது ஓடும் பகுதி ஒன்று, வெளியேறும்போது ஓடும் பகுதி ஒன்று. நுழையும் பகுதி 0 என்று பதில் சொன்னால் சுகமாக நுழைந்துவிட்டது என்று அர்த்தம். இன்ஸ்மொட் கட்டளையால் ஏற்றி, ஆர்எம்மொட் கட்டளையால் இறக்குவார்கள். அது சொல்லும் ஸலாம் பெரும்பாலும் திரையில் வராது, கேர்ணலின் குறிப்பேட்டில் பதிவாகும். டீமெஸ்க் என்ற கட்டளையால் அதைப் பார்க்க வேண்டும். இது தெரியாமல் திரையையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் அதிகம்.

ஸீ மொழியில் பொயின்டர் என்ற பாடம் நன்றாகப் பிடிபடாமல் இங்கே வரக் கூடாது. அரபியில் சொல்லின் கடைசியில் ஒரு ஹரகத் மாறினால் அடித்தவன் அடிபட்டவனாகிவிடுவான். இங்கே ஒரு நட்சத்திரக் குறி இடம் மாறினாலும் அப்படித்தான். மொடியூலுக்கும் கேர்ணலுக்கும் நடுவே சுவர் இல்லை. பிழையான முகவரியில் எழுதினால் கணனி முழுதும் நின்று போகலாம். அதைவிடக் கெட்டது, நிற்காமல் ஓடிக்கொண்டே தரவுகளைக் கெடுப்பது.

ஆகவே இது ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். வீட்டில் ஒரே கணனிதான், பரீட்சைக் குறிப்பும் குடும்பப் படங்களும் அதில்தான் என்றால், பழகும் மொடியூலை நேரே அதில் ஏற்ற விட வேண்டாம். கணனிக்குள் கணனியாக ஓடும் மெய்நிகர் கணனி ஒன்றை இலவசமாகவே அமைக்கலாம். அங்கே எது உடைந்தாலும் வெளியே சேதமில்லை. என் மகள் வேண்டுமென்றே அங்கே வெற்று முகவரி ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். 'ஊப்ஸ்' என்று தொடங்கும் நீண்ட அறிக்கை வந்தது. அதன் பிறகு அந்த மொடியூலைக் கழற்றவும் முடியவில்லை. மெய்நிகர் கணனியை மீளத் தொடக்க வேண்டியதாயிற்று. அறிக்கையில் இருந்த பெயரைப் பிடித்து எந்த வரி என்று அவளே கண்டுபிடித்தாள்.

"பெண் பிள்ளைக்கு டைப்பிங் தெரிந்தால் போதாதா?" என்று உறவினர் ஒருவர் கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. அந்த அறிக்கையை வரிவரியாக வாசிக்கத் தெரிந்தவளுக்கு டைப்பிங்கோடு நின்றுகொள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

எனக்குப் பிடித்த பாடம் வெளியேறும் பகுதிதான். கலியாண வீட்டுக்கு இரவல் எடுத்த சஹனையும் பாயையும் எண்ணித் திருப்பிக் கொடுக்கிறோமே, அது போல எடுத்த நினைவகம், பதிந்த பெயர், பெற்ற இலக்கம் எல்லாவற்றையும் தலைகீழ் வரிசையில், கடைசியாக எடுத்ததை முதலாவதாகத் திருப்ப வேண்டும். மூன்றாவதை எடுக்கும்போது தடை வந்தால், இரண்டாவதையும் முதலாவதையும் கொடுத்துவிட்டே திரும்ப வேண்டும். சாதாரண புரோகிராம் விட்டுப்போனதைக் கேர்ணல் கூட்டித் துடைக்கும். கேர்ணலுக்குள் விட்டுப்போனதைத் துடைக்க ஆள் இல்லை. கணனியை மீளத் தொடக்கும்வரை அந்த நினைவகம் வீண்தான்.

இப்போது மகள் எழுதுவது ஒரு சாதனக் கோப்பு. அதை வாசிப்பவருக்கு ஒரு வரியைக் கொடுக்கும். ஒரே நேரத்தில் இரண்டு புரோகிராம்கள் வந்து கேட்டால் யாருக்கு முதலில் கொடுப்பது என்பதற்குப் பூட்டு ஒன்று போட வேண்டும். பூட்டைத் திறக்காமல் திரும்பும் வழி எங்கேயும் இருக்கிறதா என்று அவள் சிவப்புப் பேனையோடு தாளில் தேடிக்கொண்டிருக்கிறாள்.